கறுப்புக் கரை போட்ட கார்டு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகக் கார்டு போட்டு, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. வேலை கிடைத்ததே பெரிசு, என்ன வேலை என்று ஆராயாதே என்று வீட்டில் சொன்னார்கள். நானும் ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் இருதய நோயாளிகளுக்குத் தனியாக ஓ.பி. நடக்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் வயதுதான் இருக்கும். சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அது நெஞ்சில் இறங்கி, வால்வு சுருங்கிப் போனவர்கள். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து, சுருங்கின வால்வை விரல் விட்டு விரித்து அனுப்புவார்கள். அத்தோடு முடியாது. காய்ச்சல் திரும்பினால் வால்வு மறுபடி சுருங்கும். அதற்காக மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, வருஷக்கணக்கில். ஊசி போட்டுக்கொண்டவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போவார்கள்.

இப்படி ஆபரேஷன் ஆனவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள, நாடு முழுவதற்குமாக டெல்லியில் ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கான பதிவேடு என் மேஜையில் இருந்தது. ஒரு பெயருக்கு ஒரு வரி. ஆறு மாதத்துக்கு ஒரு கட்டம். கட்டத்தில் ஓர் எண் போட வேண்டும். ஒன்று என்றால் இருக்கிறார். இரண்டு என்றால் இறந்துவிட்டார். மூன்று என்றால் தகவல் இல்லை.

இரண்டு போடுவதுகூட எனக்குப் பழகிவிட்டது. மூன்றுதான் ஆகாது. மூன்று போட்ட நாள் சாயங்காலம் என்னால் பஸ்ஸுக்கு நிற்க முடியாது. குற்றாலத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தென்காசியிலிருந்து விறுவிறுவென்று நடந்தே போய்விடுவேன். அந்த அறையும் நிலையில்லை. சீசன் வந்தால் வீட்டுக்காரர் அதை அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு என்னைச் சாமான் போட்டிருக்கும் அறைக்கு மாற்றிவிடுவார். சாரல் மாதங்களில் உடுத்தின சேலையும் காயாது, படுத்த பாயும் காயாது. நடு ராத்திரியில் விழித்துக்கொண்டு, புளியறைக்காரர் ஏன் பதில் போடவில்லை, கடையநல்லூர்க்காரி வீடு மாறிவிட்டாளோ என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். அவர்கள் யாரும் எனக்கு உறவில்லை. ஆனாலும் யாருடைய சாவையும் நான் ஊகித்து எழுதக்கூடாது என்று ஒரு பிடிவாதம் எனக்கு. அந்தப் பிடிவாதத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் சாதாரணத் தபால் கார்டில் நானே தமிழில் எழுதுவேன். 'சௌக்கியமா? ஊசி தவறாமல் போடுகிறீர்களா? யாரிடமாவது கொடுத்து இரண்டு வரி எழுதிப் போடச் சொல்லவும்.' பதில் வந்துவிடும். சிலர் இரண்டு வரிக்கு நான்கு பக்கம் எழுதுவார்கள், மாடு கன்று போட்டது உட்பட. பிறகு டெல்லியிலிருந்து அச்சடித்த கார்டுகள் கட்டுக் கட்டாக வந்தன. ஒரு பாதி அவர்களுக்கு, மறு பாதி பதிலுக்கு. வாசகம் எல்லாம் இங்கிலீஷிலும் இந்தியிலும். பெயரையும் விலாசத்தையும் மட்டும் நாம் எழுதினால் போதும். மற்றக் கடிதங்களோடு கலந்துவிடாமல் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நான்கு ஓரத்திலும் விரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை போட்டிருந்தார்கள். அச்சு நன்றாக இருக்கிறது என்று நான் மெச்சிக்கொண்டேன். எழுத்து வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். ஒரே நாளில் எல்லாருக்கும் பெயரை எழுதி, மூட்டையாகக் கட்டித் தபாலாபீசில் கொண்டு போட்டேன்.

பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். தினமும் தபால் வருகிற நேரத்துக்கு வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கோடு கிழித்துப் பதில் போட இவர்களுக்கு வலிக்கிறதா என்று வாய்விட்டே திட்டினேன். கட்டம் கட்டமாக மூன்று போட்டேன். போதாக்குறைக்கு டெல்லியிலிருந்து ஒரு கடிதம். தொடர்ந்து தகவல் இல்லாதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டுமே மருந்து வரும்.

அப்போதுதான் ஒரு பெண்ணின் வரியைப் பார்த்தேன். பண்பொழியில் பிறந்து புளியங்குடியில் வாழ்க்கைப்பட்டவள். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊசி நாள் ஒன்றுகூடத் தவறாமல் வருகிறவள். வந்தால் என் மேஜை மேல் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவாள். மாசமாக இருந்தாள். இப்போது மூன்று முறை ஊசிக்கு வராமல் தவறியிருந்தாள். டாக்டரிடம் சொன்னேன். அவர் குரலை உயர்த்தாத மனிதர். "மாசமா இருக்கிறப்ப அந்த வால்வுக்கு வேலை ரெண்டு பங்கு. ஊசியும் இல்லை, செக்கப்பும் இல்லைன்னா பிரசவத்தைத் தாங்குமான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே புளியங்குடிக்கு பஸ் ஏறினேன்.

எலுமிச்சைச் சந்தைக்குப் பின்னால் வீடு. முற்றத்தில் பழம் குவிந்து கிடந்தது. அவள் காலை நீட்டி உட்கார்ந்து பெரிசு சிறிசு என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாள். எனக்கு வந்த நிம்மதியில் சிரித்துவிட்டேன். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் நாலு பழம் எடுப்பதற்குள் மூச்சு வாங்கியது.

மாமியார் உள்ளேயிருந்து வந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த பொம்பளை. என்னை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"நீங்கதான் அந்த ஆசுபத்திரியில கார்டு எழுதுத ஆளா?"

"ஆமாம்மா. கார்டு வந்துச்சா? பதிலே காணுமேன்னுதான்…"

"வந்துது. நல்லா வந்துது."

பிறகு அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் நல்ல சேதிக் கடிதம் என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் சேதி என்றால் கறுப்பு மை. கறுப்பு வைத்த கார்டை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகுவார்கள். இது எனக்குத் தெரியாதா? பால்குடியிலிருந்து தெரியும். எங்கள் வீட்டு வாசலிலேயே எத்தனையோ கார்டு கிழிபட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் ஆபீஸ் மேஜைக்கு வருகிற காகிதம் வேறு, ஊரில் நடக்கிற காகிதம் வேறு என்று என் புத்தி எப்படியோ பிரித்து வைத்திருந்தது. டெல்லிக்காரனுக்குத் தெரியாததில் நியாயம் உண்டு. எனக்கு என்ன கேடு?

கார்டு வந்த அன்று இந்தப் பெண் பண்பொழியில் தாய்வீட்டில் இருந்திருக்கிறாள். தபால்காரர் கார்டைக் கையில் கொடுக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார். நாலு பக்கமும் கறுப்பு. உள்ளே இருக்கிற இங்கிலீஷ் யாருக்கும் தெரியாது. தமிழில் இருந்தது ஒரே ஒரு பெயர்தான். அது மருமகளின் பெயர், என் குண்டு கையெழுத்தில். வேறு என்ன நினைப்பார்கள்? கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு, கடையநல்லூர் வழியாக வழி நெடுக அழுதுகொண்டே ஒரு பஸ் நிறையப் பொம்பளைகள் பண்பொழி போயிருக்கிறார்கள். தெருமுனையில் இறங்கும்போதே ஒப்பாரி ஆரம்பித்தாயிற்று. அங்கே இவள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முற்றத்தில் தலை காயவைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"மாலை யாருக்கு அத்தேன்னு கேட்டேன்" என்றாள் அவள், எலுமிச்சம்பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அத்தை பொத்துன்னு விழுந்துட்டாவ. மொதல்ல அவியளுக்குத்தான் சோடா வாங்கி ஊத்துனோம். அன்னைக்கே என்னக் கையோட இங்கன கூட்டியாந்துட்டாவ. பொய்ச் சாவு வந்தா ஆயுசு கெட்டின்னு ஊர்ல எல்லாரும் சொல்லுதாவ நர்சம்மா."

நான் நர்சும் இல்லை. ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். இருந்தாலும் எல்லாருக்கும் நான் நர்சம்மாதான்.

மாமியார் சிரிக்கவில்லை. "அந்தக் கார்டு வந்த ஆசுபத்திரிப் படியை இனி இவ மிதிக்க மாட்டா. புள்ளத்தாச்சிக்கு மாலை வாங்க வச்சிட்டியளே."

எனக்குக் கோபம் முன்னால் வந்தது, வெட்கம் பின்னால் வந்தது. அது எப்போதும் அப்படித்தான். ஊசி போடாமல் விட்டால் நிஜமாகவே மாலை வாங்க வேண்டியிருக்கும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, அந்தப் பெண்ணுக்கு மூச்சு இரைப்பது காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு சொன்னேன், "தப்பு என்னுதும்மா. டெல்லியில அச்சடிச்சான்னு நான் சொல்லலாம். ஆனா கறுப்பு ஓரத்துக்குள்ள இவ பேரை எழுதுனது என் கைதான். என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஊசியை மட்டும் நிறுத்தாதிய. டாக்டரே பயப்படுதாரு."

மாமியார் மருமகளின் தோள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சொன்னாள், "அனுப்புதேன். ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. உங்க கையால இனிமே இவ பேரை எழுதப்படாது. கார்டுலயும் எழுதப்படாது, நோட்டுலயும் எழுதப்படாது."

சரி என்றேன். அந்த நேரத்தில் என் கையை வெட்டிக் கொடு என்று கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து அச்சுக் கார்டுகளை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். கரையைக் கத்தரித்துவிட்டு அனுப்பலாமா என்று தபாலாபீசில் கேட்டதற்கு, அளவு குறைந்த கார்டை எடுக்க மாட்டோம் என்றார்கள். பழையபடி சாதாரணக் கார்டில் தமிழில் எழுதினேன். பயந்து போயிருக்கிற வீடுகளுக்கு வெறும் கார்டு போதாது என்று நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். டாக்டர் ஒரு கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவர்ன்மென்ட் உத்தரவுல மஞ்சள் பத்தி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். "வேண்டாம்னும் இல்லையே சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பதில்கள் மளமளவென்று வந்தன. அதிலும் கூத்து. புளியறையிலிருந்து ஒருவர் ஒரு தார் நேந்திரங்காயோடு நேரிலேயே வந்துவிட்டார். லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். நாலு மூலையிலும் மஞ்சளைப் பார்த்ததும் எனக்குத்தான் கல்யாணம் என்று நினைத்துவிட்டாராம். "மாப்பிள்ளை எந்தூரு நர்சம்மா?" என்று ஓ.பி. முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அவருக்கும் ஊசி போட்டு அனுப்பினோம்.

அந்தப் பெண் வந்தாள். மாமியார் கூடவே வந்து வாசலுக்கு வெளியே நின்றுகொள்வாள். படியேற மாட்டாள். பதிவேட்டில் மருமகளின் கட்டத்தை நிரப்பும் நாள் வந்தது. பெயரை எழுத மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன். எண் போடலாம் என்று வக்கீல்தனமாகச் சொல்லிக்கொள்ளலாம். மனசு கேட்கவில்லை. பேனாவை அவளிடம் நீட்டினேன்.

"நீயே போடு."

"நானா? இதுலயா? டெல்லிக்குப் போகுத நோட்டாச்சே."

"ஒண்ணு போட்டா நீ இருக்கேன்னு அர்த்தம்."

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டத்தின் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரைக்கும் நெட்டுக்குத்தாக ஒரு கோடு இழுத்தாள். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். டெல்லியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தபோது இது யார் கையெழுத்து என்று கேட்டார். நோயாளியின் கையெழுத்து என்றேன். நாடு முழுக்க இப்படி ஒன்று பார்த்ததில்லை என்றார். பாராட்டா குற்றமா என்று தெரியவில்லை. நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. அந்த வாரம் முழுக்க நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. பெண் குழந்தை. தாயும் சுகம் என்று புருஷன்காரன் மஞ்சள் தடவிய கார்டு போட்டிருந்தான். கார்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கோடு. குழந்தை பேனாவைப் பிடுங்க வந்தபோது ஒரு கோடு. ஐந்தாவது கோடு போட்டபோது படியேறி வந்த மூச்சு அடங்கவே நேரமாயிற்று. டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, வால்வு மறுபடி சுருங்குகிறது என்றார். இரண்டாவது ஆபரேஷனுக்கு எழுதிப் போட்டார். அவள் வெளியே போன பிறகு அவரிடம் கேட்டேன், நடுவில் ஊசி நின்ற அந்த மாதங்களால்தானா என்று. "ஊசியே தவறாதவங்களுக்கும் சுருங்குதும்மா. யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. இருந்தும் அன்றைக்கும் நடந்தேதான் போனேன். குற்றாலத்தைத் தாண்டி ஐந்தருவி வரைக்கும் போய்விட்டேன், எதற்கென்று தெரியாமல். சாரலில் நனைந்துகொண்டு திரும்பி வந்தேன்.

ஆறாவது கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. ஆபரேஷனுக்குத் தேதி வந்திருந்தது. அடுத்த மாதம் போக வேண்டும். குழந்தையை யாரிடம் விடுவது என்று பேசிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தேதி வருவதற்குள், ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் தபாலில் ஒரு கார்டு வந்தது. புளியங்குடி முத்திரை. நான்கு மூலையிலும் கறுப்பு மை. 'நர்சம்மா அவர்களுக்கு' என்று ஆரம்பித்து இரண்டே வரி.

வழக்கப்படி அதைக் கிழித்துப் போட வேண்டும். விதிப்படி தேதி போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மழை. ஜன்னல் தட்டியைத் தூக்கித் தூக்கி எந்த ஊர் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். எனக்குப் பைத்தியம் இல்லை. ஆனாலும் மனசு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. ஒரு தடவை கறுப்புக் கார்டு வந்து பொய்யாகப் போயிருக்கிறது. என் கையால் போனதே பொய்யாகப் போகும்போது, இதுவும் ஏன் போகக்கூடாது? நான் போய் இறங்கும்போது முற்றத்தில் எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்து, யாருக்கு நர்சம்மா இந்த அழுகை என்று கேட்பாள். பொய்ச் சாவு வந்தவளுக்கு ஆயுசு கெட்டி என்று ஊரே சொன்னதுதானே. கையில் மாலை வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கினால் மெய்யாகிவிடும் என்று பயம்.

முற்றத்தில் பழம் இல்லை. மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. மாமியார் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டரை வயதுக் குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"தப்பா இருக்கும்னு நெனச்சு வந்தேன்மா" என்றேன். வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கிறவரை நின்றாள். செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள், "அந்த நோட்டுல நீங்க ஏதோ எழுதணுமில்ல. இனி எழுதிக்கிடுங்க தாயி. நான் ஒண்ணும் சொல்லல."

மறுநாள் பதிவேட்டைத் திறந்தேன். அந்த வரியில் என் பழைய எண்களைத் தாண்டி, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரைக்கும் ஆறு ஒன்றுகள், அவள் கையால் போட்டவை. ஏழாவது எண்ணை நான் எழுதினேன்.